பனித்திட்டு மீன்வண்டியின் கிளச்சு

வில்லியனூருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து கரையேறும் இடத்தில்தான் அந்த மோட்டார் சைக்கிளை முதலில் பார்த்தேன். ஏற்றத்தின் நடுவில் நின்றபடி கத்திக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் கேட்டால் தலைதெறிக்கப் பறக்கிற வண்டி என்று தோன்றும். சக்கரமோ அசையவில்லை. ஓட்டி வந்தவன் இரண்டு காலையும் மணலில் ஊன்றி, உடம்பால் உந்தி அதை மேலே நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்றாவது சக்கரம் ஒன்று. அதன்மேல் ஆள் உட்காரும் தொட்டிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறைய மீன். வெயில் ஏறிவிட்டிருந்தது.

நான் புதுச்சேரி மில்லில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று நடந்து போய்க்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு விழுப்புரத்தில் ரயில் கொட்டகையில் கரி அள்ளினேன். கடலூரில் மோட்டார் பட்டறை ஒன்றில் இருந்தேன். இரண்டு இடத்திலும் யாரும் என்னைத் துரத்தவில்லை. எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் எஞ்சின் அப்படிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா தாண்டிப் போக முடியவில்லை. பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினேன்.

மேலே ஏறியதும் அவன் திரும்பிப் பார்த்தான்.

"யாருபா நீ? மில்லுக்கா போற?"

"ஆமாண்ணே. உங்க கிளச்சு வழுக்குது."

"அது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். சரி பண்ணத் தெரியுமா, சொல்லு."

"பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப ஏறு. மீன எறக்கிட்டுப் பேசலாம்."

சந்தையில் மீன்காரி ஒருத்தி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா, குழம்பாவே கொண்ணாந்துட்டியா?" என்றாள். அவன் கூடையை அவள் பக்கம் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

மீனை இறக்கியதும் அவனோடு அவன் ஊரான பனித்திட்டுக்குப் போனேன். அங்கே எல்லோரும் அவனைச் சொல்தா, அதாவது பட்டாளத்தான், என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்து வந்தவன். அங்கே காதுக்குள் புண் வந்து ஆறியது. ஆறிய பிறகு ஒரு காது கேட்காமல் போனதோடு, கட்டுமரத்தில் கால் வைத்தால் தலை சுற்றி விழ ஆரம்பித்தான். மீனவர் ஊரில் கடலுக்குப் போக முடியாத ஆம்பளைக்கு என்ன வேலை? வலை பின்னலாம், அது கிழவர்கள் வேலை. மீன் சுமக்கலாம், அது பெண்கள் வேலை. சேர்த்து வைத்த பட்டாளச் சம்பளத்தில், ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து இந்த மோட்டார் சைக்கிளை வாங்கினான். அவருக்கு முன்னால் அது யார் யாரிடம் இருந்ததோ. மைல் காட்டுகிற கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. கால் வைக்கும் இரும்பு நடுவில் தேய்ந்து படிக்கட்டுக் கல் மாதிரி குழிந்திருந்தது. அதைப் பார்த்தே அது ஓடிய ஓட்டத்தை ஊகிக்கலாம்.

கரையில் வலை இறங்கியதும் மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பாகூர் ஏரிக்கரை வழியாக வில்லியனூர் சந்தைக்கு வெயில் ஏறுமுன் சேர்ப்பது அவன் வேலை. அவ்வளவு தூரம் உள்ளே கடல் மீன் உயிர்ச் சிவப்போடு வருவது அபூர்வம்; அதனால் நல்ல கிராக்கி. ஒரு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு கிளச்சு கெட்டது. நான் போன சமயத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மீன் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது. கடலூரிலிருந்து மாட்டு வண்டி வைத்திருக்கும் ஒரு வியாபாரி வந்து, மொத்த மீனையும் தானே எடுத்துக்கொள்வதாக ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தான்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்த ஊரின் நாட்டார் வந்தார். மீன் பங்கு, சண்டை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர் பேச்சுதான். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"புது டாக்டரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா மாமா. கடலூர் பட்டறையில வேல பாத்தவன்" என்றான் சொல்தா.

"நல்லது. பாக்கட்டும். இன்னாடா, மாசி மகம் வருது. மகம் முடிஞ்சி மறுநாளு கடல் மேல போவோம். அன்னிக்கி மீன இதுல ஏத்தறதா, கடலூரு மாட்டு வண்டில ஏத்தறதான்னு முடிவு பண்ணிடறோம். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"மாட்டு வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள மீனு கருவாடா ஆயிடும் மாமா."

"கருவாடாவாவது போய்ச் சேருமே" என்றார் நாட்டார்.

அவர் போன பிறகு சொல்தா வண்டியை வீட்டு ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். அவன் மனைவி ஒரு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "தின்னு தம்பி. அந்தாளு அப்பிடித்தான் பேசும்" என்றாள். வலைக் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மகத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

கிளச்சு என்பது பெரிய மர்மம் அல்ல. எஞ்சின் ஒரு பக்கம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரம் சில நேரம் அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும், சில நேரம் தனியே நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தட்டுத்தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். கைப்பிடியை இழுத்தால் தட்டுகள் பிரியும். விட்டால் ஸ்பிரிங்குகள் அவற்றைச் சேர்த்து அழுத்தும். இந்த வண்டியில் ஒன்றுவிட்டு ஒரு தட்டில் வட்டத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் புட்டி மூடுகிற தக்கையைத் துண்டு துண்டாகச் செருகியிருந்தது. தக்கை இரும்பைக் கவ்விப் பிடிக்கும். அதுதான் மொத்த வித்தை.

கெடுவதும் இரண்டே விதம். சேர வேண்டிய நேரத்தில் சேராமல் வழுக்குவது ஒன்று. பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதைக் கூட்டும். இந்த வண்டிக்கு இரண்டும் இருந்தன. விடியற்காலையில் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் தட்டுகள் பிரியாது. கியரைப் போட்டதும் வண்டி தவளை மாதிரி ஒரு எகிறு எகிறி அணைந்துவிடும். நாலு பேர் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பிப் பாகூர் ஏரிக்கரை ஏறுவதற்குள் சூடு கண்டு வழுக்க ஆரம்பிக்கும். ஆற்று ஏற்றத்தில் கேட்கவே வேண்டாம். காலையில் பசை, வெயிலில் வழவழப்பு. அப்படி ஒரு நோயை நான் பட்டறையில் பார்த்ததில்லை.

முதலில் கம்பியைப் பார்த்தேன். கைப்பிடியிலிருந்து கிளச்சுக்குப் போகும் கம்பி கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும்; விறைப்பாக இருந்தால் நாம் பிடிக்காமலே தட்டுகள் பாதி பிரிந்து நிற்கும், வழுக்கும். இதில் கம்பி விறைப்பாகத்தான் இருந்தது. காலையில் ஒட்டிக்கொள்கிறதே என்று சொல்தாவே இறுக்கி வைத்திருந்தான். தளர்த்தினேன். வழுக்கல் சற்றுக் குறைந்தது, ஒட்டல் கூடியது. காலையில் தள்ளுவதற்கு நாலு பேர் போதாமல் ஆறு பேர் வேண்டியதாயிற்று. தள்ள வந்த பெண்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதில் சைவமானது, "ஏண்டி, இத்த மாட்டு வண்டிக்குப் பின்னால கட்டி அனுப்பிட்டா இன்னா?" என்பதுதான்.

அடுத்து ஸ்பிரிங்குகள். பழைய வண்டியில் ஸ்பிரிங் சோர்ந்துபோவது வழக்கம். அவற்றின் அடியில் தகர வட்டு வைத்து இறுக்கினேன். கைப்பிடி அவ்வளவு கடினமாகிவிட்டது, சொல்தா இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவழியில் சுங்கச் சாவடி ஒன்று உண்டு. பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுக்காரன் மண்; இடையில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண் குறுக்கிடும். அங்கே காவல்காரன் கையைக் காட்டினால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அன்று இவனால் கிளச்சைப் பிடித்து நிறுத்த முடியாமல் வண்டி மூங்கில் தடுப்பில் போய் முட்டி நின்றது. காவல்காரன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பார்த்துத்தான் விட்டான். அன்றைக்கும் தாமதம். வட்டுகளைக் கழற்றி எறிந்தேன்.

பிறகு தக்கைகளை மாற்றிப் பார்ப்போம் என்று கிளச்சைப் பிரித்தேன். தட்டுகளின் மேல் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ படிந்திருந்தது. பழைய வண்டிகளில் கசடு இருப்பது சகஜம். கருகிய தக்கையும் கிரீசும் சேர்ந்து அப்படி ஆகியிருக்கும் என்று எண்ணி, சுரண்டித் துடைத்துவிட்டேன். தக்கைகள் பளிங்கு மாதிரி மழமழவென்று தேய்ந்திருந்தன. புதுத் தக்கைக்கு எங்கே போவது? வில்லியனூர் பக்கம் மாதா கோயில் ஒன்றில் பூசைக்கு ஒயின் புட்டிகள் வரும். கோயில்பிள்ளை சொல்தாவுக்குப் பழக்கம். கழற்றிப்போட்ட தக்கைகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். அவற்றை வெந்நீரில் ஊறப்போட்டு, துளைகளில் செருகி, அரத்தால் மட்டமாக ராவினேன். வேலை சுத்தமாக அமைந்தது.

மறுநாள் காலையில் வண்டி யாரும் தள்ளாமல் கிளம்பியது. ஏரிக்கரையையும் ஆற்று ஏற்றத்தையும் ஒரே மூச்சில் ஏறியது. அடுத்த நாளும் அப்படியே. சொல்தா என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தான். நானும் கிளம்பிவிடலாம் என்று துணியை மூட்டை கட்டினேன். அந்த வாரம் முடிவதற்குள் பழையபடி காலையில் ஒட்டியது, வெயிலில் வழுக்கியது.

நாட்டார் வந்து பார்த்தார். தக்கை எங்கிருந்து வந்தது என்பது அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"தக்கைக்கு இன்னும் போதை தெளியல போல" என்றார். "வெள்ளாவி வெச்சிப் பாரேன்."

சொல்தா சிரிக்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம், "நீ மூட்டையைப் பிரிக்க வாணாம். போறதுன்னா போயிடு. இது தேறாது" என்றான். "மகத்துக்கு அப்புறம் நானும் எங்கியாவது போயிட வேண்டியதுதான். இந்த ஊர்ல உக்காந்து வலை பின்ன என்னால ஆவாது."

நான் போகவில்லை. வேறு எங்கும் என்னை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது ஒரு காரணம். ஒரு கிளச்சு என்னை இப்படி அலைக்கழிப்பது பொறுக்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

"வண்டிய வேற யாராவது தொடறாங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"என்னைத் தவிர எவனும் கை வைக்க மாட்டான்" என்றான்.

அதை நம்பினேன். அந்த உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாள்கூடச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. இவன் வண்டியிலோ ஓர் இடத்திலும் துரு இல்லை. இவ்வளவு அக்கறையாக வைத்திருப்பவன் வேறு ஆளை அண்ட விடமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகம் நெருங்கியது. இரண்டு நாள் முன்பிருந்தே ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை. சாமி தீர்த்தவாரிக்கு வருவதால் வீடுகளில் மீன் சமைப்பதும் இல்லை. பந்தலுக்கும் படையலுக்கும் வேண்டிய அரிசி, வெல்லம், வாழைத்தார் எல்லாம் பாகூரிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். சாமிக்கு வேண்டிய சாமான் என்பதால் பெட்டியை மணல் போட்டுத் தேய்த்து, கடல் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் அலசி, வெயிலில் காயவைத்து, உள்ளே புது வைக்கோல் பரப்பினார்கள். பெட்டியில் வைக்கோல் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது நான் அரிசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் பெட்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஏரிக்கரை ஏறும்போது வழக்கம்போல எஞ்சின் கத்தியது, வண்டி ஊர்ந்தது. அப்போது மீன் வறுக்கிற வாசனை வந்தது.

அந்த வாசனை எனக்குப் புதிது அல்ல. தினமும் அந்த ஏற்றத்தில் வரும். பெட்டியில் இருக்கிற மீன் வெயிலில் காய்கிறது என்று நானும் சொல்தாவும் அதைக் கண்டுகொண்டதே இல்லை. சூடேறிய கிளச்சு தீய்ந்த தக்கை நாற்றம் அடிக்க வேண்டும். இத்தனை நாளில் அந்த நாற்றம் ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை. அந்த ஊரில் என் சட்டை, தலைமுடி, குடிக்கிற தண்ணீர் எல்லாமே மீன் வாசனைதான்.

"அண்ணே, நிறுத்துங்க."

"இன்னாத்துக்கு?"

"மீன் வறுக்கிற வாசனை வரலியா?"

"வருது. எவளோ வறுக்கறா."

"எங்க? இங்க வூடு எங்க கீது?"

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் நெல் வயல். கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரு கூரை இல்லை. நான் பெட்டியிலிருந்து குதித்து, குனிந்து, கிளச்சு மூடியின் பக்கத்தில் மூக்கை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அடுப்படி என்றே சொல்லியிருப்பேன்.

"உங்க கிளச்சுலதான் வறுக்கறாங்க" என்றேன்.

மூடியின் மேல், உள்ளே இருக்கும் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதற்காக ஒரு சின்ன திருகு மூடி உண்டு. அதைக் கழற்றி விரலை விட்டேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது எஞ்சின் எண்ணெய் அல்ல. சொல்தா என் விரலைப் பிடித்து மோந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது சுறா எண்ணெடா" என்றான்.

மீதி வழியை ஊர்ந்தே கடந்தோம். வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு மனைவியைக் கூப்பிட்டான்.

"ஏய், இதுல சுறா எண்ணெ ஊத்தினது யாரு?"

அவள் மாவு இடித்த கையோடு வந்தாள். "யாரு ஊத்துவா? நாந்தான்."

"நீயா? எப்ப?"

"எப்பன்னா? தெனமுந்தான். சந்தைக்குப் போய் வந்து நீயும் தம்பியும் தூங்குறப்ப."

அவளுடைய அப்பாவுக்குப் பெரிய படகு இருந்தது. அந்த வீட்டில் படகின் பலகை, நங்கூரம், அரிவாள்மனை வரை கடல் காற்றுப் படுகிற எதற்கும் சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத் தேய்ப்பார்கள். இரும்பும் மரமும் அப்படித்தான் அந்தக் கரையில் பிழைக்கும். வண்டி வந்த முதல் வருஷம் வெளியே மட்டும் தேய்த்திருக்கிறாள். ஒரு நாள் சொல்தா அந்தத் திருகு மூடியைத் திறந்து சங்கிலிக்கு எண்ணெய் விடுவதைப் பார்த்துவிட்டு, உள்ளேயும் இரும்பு இருக்கிறதே, அதற்கும் காற்றுப் படுமே என்று, அன்றிலிருந்து ஒரு கரண்டி உள்ளேயும் விட்டுவந்திருக்கிறாள். துரு இல்லாததற்கும் காரணம் அவள்தான், கிளச்சு கெட்டதற்கும் காரணம் அவள்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி நீ?" என்று சொல்தா கத்தினான். "ஊரே சிரிக்குது. பட்டாளத்துல சேத்த அத்தினியும் இதுல கீது. சொல்ல வேணாமா?"

"சட்டி கழுவுனத உங்கிட்ட சொல்றேனா? வாசல் கூட்டுனத சொல்றேனா?" அவளும் கத்தினாள். "நீ பாட்டுக்குத் தூங்குவ. துரு தூங்குமா? பக்கத்து வூட்டு நங்கூரத்தப் போய்ப் பாரு, அப்பளம் மாதிரி ஒடியுது. ஒன் வண்டி அப்பிடியா கீது?" பிறகு என் பக்கம் திரும்பி, குரல் இறங்கிக் கேட்டாள். "நெசமாவே என் எண்ணெயாலதான் நின்னுச்சா தம்பி?"

"ஆமாண்ணி" என்றேன். "உள்ள ஊத்துனதாலதான். வெளிய தேச்சதால வண்டி பொழச்சிக் கீது."

கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் பட்டால் தக்கை தாங்கும். சுறா எண்ணெயின் குணம் வேறு. அது காற்றுப்பட்டுக் காயக் காயப் பிசினாகும். அதனால்தான் படகுக்கு நல்லது. இரவெல்லாம் குளிர்ந்து தட்டுகளை ஒட்டவைத்தது அதுதான். சூடு பட்டதும் இளகி வழுக்கியதும் அதுதான். இரண்டு நோய் என்று நான் நினைத்து இரண்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தது ஒரே கரண்டி எண்ணெய்க்கு.

அப்போதே பிரித்தோம். பெட்ரோலில் கழுவியதில் மேலாக இருந்தது போயிற்று. தக்கைக்குள் ஊறியதும் தட்டில் காய்ந்ததும் போகவில்லை. மண்ணெண்ணெயும் அப்படியே. சொல்தாவின் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது அதுக்கெல்லாம் போவாது தம்பி" என்றாள். "படகுக்குத் தேச்சிட்டு எங்கப்பா கைய எதுல கழுவும்னு நெனக்கிற? பாளைச் சாம்பல்."

தென்னம்பாளையை எரித்த சாம்பலைப் பானைத் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்து, வடிகட்டி, அடுப்பில் கொதிக்கவைத்தாள். தட்டுகளை அதில் போட்டோம். பழுப்பு நுரை பொங்கி வந்தது. தண்ணீரைக் கொட்டி மறுபடி சாம்பல் நீர் வைத்தாள். மூன்றாவது தடவை நுரை வெள்ளையாக வந்தது. தட்டுகள் விரல் பட்டால் கீச்சென்று சத்தம் போட்டன. தக்கைகளில் சில சுருங்கி ஆடின. கோயில்பிள்ளை கொடுத்த பையில் மிச்சம் இருந்ததை அந்த இடங்களில் செருகி ராவினேன். தட்டுகளை நிழலில் காயவைத்து, பொழுது சாய்வதற்குள் பூட்டினோம். கம்பிக்குத் தொய்வு, ஸ்பிரிங்குக்குப் பழைய இறுக்கம், வேறு ஒன்றும் செய்யவில்லை. திருகு மூடியின் மேல் நான் தாரைப் பூசி அடைத்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டுமானால் சொல்தாதான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

"அப்ப வெளிய?" என்று கேட்டாள்.

"வெளிய உங்க இஷ்டம் அண்ணி. நல்லாத் தேயுங்க."

சொல்தா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

மகத்தன்று சாமிகள் வந்து தீர்த்தமாடிப் போயின. ஊரெல்லாம் கரையில் இருந்தது. சொல்தா மட்டும் நாலைந்து தடவை வீட்டுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடியலில் கட்டுமரங்கள் திரும்பின. நல்ல பாடு, கூடை கூடையாக மீன். நாட்டார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு எதிரில் வந்து நின்றார். கடலூர் மாட்டு வண்டியும் வந்திருந்தது. அந்த வியாபாரி மணலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். கூடைகள் இரண்டு வண்டிக்கும் நடுவில் இருந்தன. வழக்கமாகத் தள்ள வரும் பெண்கள் சொல்லாமலே பின்னால் வந்து நின்றார்கள்.

"தள்ள வேணாம்" என்றான் சொல்தா.

உதைத்துக் கிளப்பினான். கைப்பிடியைப் பிடித்தான். பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் இருந்த கியர் கம்பியை முன்னால் தள்ளினான். வண்டி எகிறவில்லை. நின்ற இடத்தில் நின்று மெதுவாக உறுமியது. கைப்பிடியை விட்டதும் நகர்ந்தது. பெண்களில் ஒருத்தி, "அய்ய, இன்னிக்கி வேலையே இல்லியே" என்றாள்.

நாட்டாருக்கு அது போதவில்லை. "ஊருக்குள்ள எல்லாம் ஒழுங்காத்தான் போவும். ஏரிக்கரையில இன்னா பண்ணுதுன்னு நான் பாக்கணும்" என்றார். பாதிக் கூடைகளைப் பெட்டியில் ஏற்றச் சொன்னார். மீதியை மாட்டு வண்டிக்காரன் தொடாமல் வைத்திருக்கச் சொன்னார். பிறகு சொல்தாவின் பின்னால் ஏறி, அவன் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் பெட்டியின் விளிம்பில் தொற்றிக்கொண்டேன். முன்பு ஏற்றிய எந்தச் சுமையையும்விட அன்று சுமை அதிகம்.

ஏரிக்கரை வந்தது. சொல்தா வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. எனக்குக் காது எஞ்சினிலும் கண் சக்கரத்திலும் இருந்தன. சத்தம் கனத்தது. சக்கரமும் அதே கனத்தோடு சுற்றியது. மேட்டின் உச்சியில் நான் மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். பச்சை மீன் வாசனை மட்டும் வந்தது. சுங்கச் சாவடியில் காவல்காரன் கை காட்டிய இடத்தில் வண்டி நின்றது. ஆற்று மணலில் ஒரு தடவை பின்சக்கரம் புதைந்தது. சொல்தா கியரை மாற்றி, கிளச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தான். நாட்டார் அந்த நேரத்தில் சாமி பேரைச் சொன்னார். 

சந்தையில் மீன்காரிகள் அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்த அன்று சொல்தாவைக் கேலி செய்த அதே பெண் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"இன்னாயா இது, முழிச்சிப் பாக்குது?" என்றாள். "இன்னும் கீதா?"

"கரையில பாதி கெடக்கு" என்றார் நாட்டார், சொல்தா பதில் சொல்வதற்குள். "இவன் திரும்பிப் போய் எடுத்தாருவான். எடம் வெய்யி."

சொல்தா அவரைப் பார்த்தான். அவர் வண்டியிலிருந்து இறங்கி, பிடிப்பு விழுந்த இடுப்பைத் தேய்த்துக்கொண்டே மரப்பெட்டியின் நீள அகலத்தைத் தன் கையால் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"இன்னா மாமா பண்றீங்க?"

"உருண்டக் கூடைய வெச்சா மூலைக்கு மூலை எடம் வீணாவுது. சதுரமா நாலு கூட மொடையச் சொல்லணும். போடா, நிக்காத. வெயிலு ஏறுது."

சொல்தா ஒற்றை ஆளாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு கரைக்குப் போனான். நாட்டார் அங்கேயே ஒரு முடைகிறவனைத் தேடிப் பிடித்து, அளவைச் சொல்லி, மூங்கிலும் பொறுக்கினார். அந்த அளவில் முடைந்த கூடை தலைச்சுமைக்கு உதவாது, மாட்டு வண்டியிலும் ஒழுங்காக உட்காராது. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்தான் பொருந்தும். நாலு கூடை போதாது என்று போகும்போது திரும்பி வந்து எட்டாகச் சொல்லிவிட்டுப் போனார்.